அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி: ஏற்காட்டை முன்வைத்து

பள்ளிக்கூடங்களுக்குப் பெயர்பெற்ற மலை ஏற்காடு. திருஇருதய கன்னியர் மடத்துப் பள்ளி 1894இலும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் இங்கே தொடங்கின. பல மாநிலங்களிலிருந்தும் வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை இந்தக் குளிர்ச்சிக்கு அனுப்பி, விடுதியில் வைத்துப் படிக்க வைத்தன. அதே மலையில், ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் 67 சிற்றூர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அரசுப் பள்ளிகளிலும் அரசு பழங்குடியினர் உண்டி உறைவிடப் பள்ளிகளிலும்தான். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம், வேலூர் என்று அந்த ஊர்களின் பெயர்கள் சுற்றுலா வழிகாட்டிகளில் அரிதாகவே வரும்.

இந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி என்ன தொழிற்கல்வியைத் தர வேண்டும், அதற்கு எந்தப் பணம், எந்த வசதி, எந்த ஆசிரியர் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தொழிற்கல்வி என்றால் உடனே நம் நினைவுக்கு வருவது எந்திரமும் கட்டடமும். தமிழ்நாட்டின் அரை நூற்றாண்டு அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால், அரசுப் பள்ளித் தொழிற்கல்வியை மெலிய வைத்தவை வேறு இரண்டு: நிலையான ஆசிரியர் பணியிடம் இல்லாதது, மேற்படிப்புக்கான வழி குறுகலாக இருந்தது. இவ்விரண்டையும் சரிசெய்யாமல் எத்தனை கோடி கொட்டினாலும் பலன் மாணவரைச் சென்று சேராது.

மலையின் தொழில்களும் மலையின் பிள்ளைகளும்

ஏற்காடு அமைந்திருக்கும், சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அதைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அடுத்த இரு தலைமுறைகளில் ஐரோப்பியர்களின் எஸ்டேட்டுகள் மலையை நிறைத்தன. இன்று சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அராபிகா காபி விளைகிறது. அதே மரங்களில் மிளகுக்கொடி ஏறுகிறது. கொய்யா, பலா, ஆரஞ்சு என்று பழங்களும் உண்டு. கீழே மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்காக நெடுங்காலம் இம்மலையில் பாக்சைட் வெட்டப்பட்டது. இப்போது விடுதிகளும் உணவகங்களும் பெருகியுள்ளன. மே மாதக் கோடை விழாவின்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் நிற்கின்றன.

இவை தவிர, ஒரு பெருநகரத்துக்கே பெருமை சேர்க்கும் அறிவியல் நிறுவனங்களும் இம்மலையில் உண்டு. இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்கா இங்கே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலகமும் இங்கே உள்ளன.

மலையின் தொன்மையான குடிகள் மலையாளி என்ற பெயர் கொண்ட பழங்குடியினர். பெயர் அப்படியிருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7,94,697 பழங்குடியினரில் 3,57,980 பேர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் இதுவே. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்காக ஒதுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம்.

இரு நூற்றாண்டுகளாக இந்த மக்கள் காபியோடு வாழ்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பது பறிக்கும் கூடையும் கவாத்துக் கத்தியும்தான். பழத்தோலை உரிக்கும் பல்பர் எந்திரத்துக்குள் நடப்பதும், பருப்பின் தரம் பிரிப்பதும், கோப்பையில் சுவை பார்த்து விலை முடிவாவதும் அவர்களுக்கு எட்டாத தூரத்தில் நடக்கின்றன. ஆர்க்கிட் பூங்காவில் வேலை கிடைத்தாலும் அது களையெடுக்கும் வேலையாகவே அமையும். விடுதியில் கிடைத்தால் அறை துடைக்கும் வேலையாக அமையும்.

மலையில் வேலை போதாதபோது ஆட்கள் இறங்குகிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு பறிக்கப் போவது பல ஆண்டுப் பழக்கம். அதைவிடக் கொடிய பாதையும் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்ட அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும், சேர்வராயனுக்கு அண்டையில் உள்ள சித்தேரி மலையையும் சேர்ந்த ஏழைகள். மலைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிப்பதைப் பற்றிப் பேசும் யாரும் அந்த இருபது உயிர்களை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

குலக்கல்வியின் நிழல்

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி பற்றிய எந்த உரையாடலும் 1953ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது திட்டம். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. ராஜாஜி வழக்கறிஞராக வளர்ந்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் இதே சேலத்தில்தான் என்பதால், இம்மாவட்டத்துக்கு அந்த விவாதம் இன்னும் நெருக்கமானது.

அந்த எதிர்ப்பு நியாயமானது. தச்சர் மகன் தச்சராகவும் சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவும் ஆவதற்குப் பள்ளி உதவ வேண்டிய அவசியம் இல்லை. சாதியே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதற்கு முன் 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் அங்கே தொழில் பள்ளிக்குள் வந்தது. எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் அதைக் கற்க வேண்டும். கணக்கும் அறிவியலும் அதன் வழியே வர வேண்டும். ராஜாஜியின் திட்டத்தில் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே, பிறந்த வீட்டின் தொழிலுக்கு அனுப்பப்பட்டது.

அந்த அச்சம் பழங்கதையாகிவிடவில்லை. மத்திய அரசு கைவினைஞர்களுக்காக 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழிலோடு பிணைக்கும் விதி இருப்பதால் ஏற்க முடியாது என்று 2024இல் தமிழ்நாடு அரசு மறுத்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயது கடந்தவர்களுக்காகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது.

ஏற்காட்டில் இந்த எச்சரிக்கை இரு மடங்கு தேவை. பழங்குடிப் பிள்ளைக்குத் தொழிற்கல்வி என்ற பெயரில் காபி பறிக்கவும் விடுதியில் பாத்திரம் துலக்கவும் கற்றுக்கொடுத்தால், அது எஸ்டேட்டுகளுக்கும் விடுதிகளுக்கும் மலிவான கூலியாட்களைப் பள்ளியே தயாரித்துக் கொடுப்பதாகும். ஆகவே ஒரு பாடப்பிரிவைத் தொடங்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பிறப்பைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் அது திறந்திருக்கிறதா? தொழிலின் அடிப்படை அறிவியல் அதில் கற்பிக்கப்படுகிறதா? அதைப் படித்தவர் பட்டப்படிப்புக்குப் போக வழி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வந்தால் அந்தப் பிரிவை அஞ்சாமல் தொடங்கலாம்.

1978 முதல் இன்று வரை

பள்ளிக்குள் தொழிற்கல்வியைக் கொண்டுவரும் சிந்தனைக்குத் தமிழர்கள் இருவர் முக்கியப் பங்களித்தனர். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேசையா, மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1978இல் அறிக்கை அளித்தார். பின்னர் 1985இல் இதே பொருளில் அமைந்த தேசியப் பணிக்குழுவுக்குக் கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி தலைமை ஏற்றார். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவுகளும் சேர்ந்தே தொடங்கின. பொது இயந்திரவியல், மின்கருவிகள், வேளாண்மை, செவிலியம், தையல், அலுவலக மேலாண்மை என்று கிராமப்புறப் பள்ளிகளிலும் பிரிவுகள் வந்தன.

தேசிய அளவில் இலக்குகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 சதவீதமும் 1995க்குள் 25 சதவீதமும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்றது. அது நடக்காததால் 1992இல் காலக்கெடு 1995, 2000 என்று தள்ளிப்போனது. அதுவும் நடக்கவில்லை. 2020 கொள்கை தானே தரும் கணக்கு இது: பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் 19 முதல் 24 வயதுள்ள இந்திய உழைப்பாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர் 5 சதவீதத்துக்கும் கீழ். அமெரிக்காவில் 52, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 சதவீதம். 2025க்குள் பாதி மாணவருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் என்று அக்கொள்கையும் இலக்கு வைத்தது.

தமிழ்நாட்டின் மேல்நிலைத் தொழிற்பிரிவுகள் மெலிந்ததற்கு முதல் காரணம் ஆசிரியர் நியமனம். தொடக்கத்தில் பகுதி நேரமாக அமர்த்தப்பட்டவர்கள் பலகாலம் கழித்தே நிரந்தரமானார்கள். அவர்கள் ஓய்வு பெறத் தொடங்கியபோது, பல பள்ளிகளில் அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை. ஆசிரியர் இல்லாத பிரிவில் மாணவர் சேர்வதில்லை. மாணவர் சேரவில்லை என்று காட்டிப் பிரிவு மூடப்படுகிறது. தொழிற்கல்வி ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் முறையீடு இது.

நடுநிலை வகுப்புகளின் கதையும் வேறன்று. ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, தோட்டக்கலை போன்றவற்றுக்காக 2012இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2021இல் அது 10,000 ஆயிற்று. 2024இல் 12,500 ஆயிற்று. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் போராடாத ஆண்டு அரிது. இந்த அளவு ஊதியத்தில் ஏற்காட்டில் வாடகைக்கு வீடு எடுத்து, மலை விலைக்கு அரிசி பருப்பு வாங்கி, ஓர் ஆசிரியர் எத்தனை ஆண்டு தங்குவார்?

இரண்டாம் காரணம் மேற்படிப்பு. பொறியியலிலும் வேளாண்மைப் பட்டப்படிப்பிலும் தொழிற்பிரிவு மாணவருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் 2021 முதல் இருக்கிறது. ஆனாலும் மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்றே தொழிற்பிரிவு பல பள்ளிகளில் கருதப்படுகிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண் தொழிற்பிரிவு கேட்டால், அவளைத் திசை திருப்புவதே நல்லது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணுகிறார்கள்.

ஒரு காபிப் பழத்தில் உள்ள பாடங்கள்

தொழிற்கல்வி தரத்தில் தாழ்ந்தது என்ற எண்ணத்தை மாற்ற, ஏற்காட்டின் காபியையே எடுத்துக்கொள்ளலாம்.

நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பறித்த அன்றே பல்பரில் தோல் உரிக்க வேண்டும். உரித்த விதைமேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு, தொட்டியில் நொதித்தால்தான் கழலும். குளிரைப் பொறுத்து அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். குறைந்தால் வழவழப்பு போகாது. கூடினால் புளிப்பு ஏறிச் சுவை கெடும். எந்த நுண்ணுயிர் இதைச் செய்கிறது, வெப்பநிலை எவ்வளவு, நீரின் அமிலத்தன்மை எவ்வளவு என்பவை உயிரியலும் வேதியியலும் படித்தவர் விடை சொல்லும் கேள்விகள். பிறகு கழுவி, களத்தில் பரப்பி, ஈரப்பதம் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். ஈரமானியைப் படிக்கத் தெரியாதவர் வியாபாரி சொல்லும் கழிவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பது அடுத்த பாடம். சேர்வராயன் மலையில் ஊறும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் சமவெளிக்கு இறங்குகின்றன. பல்பர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் கலந்தால் கீழே குடிக்கும் ஊர்கள் பாதிக்கப்படும். இது சுற்றுச்சூழல் பொறியியல். தோட்டத்திலோ இலைத்துரு நோய், வெள்ளைத் தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் என்று அராபிகாவுக்கு எதிரிகள் பலர். நிழல் எவ்வளவு விட வேண்டும், மழை தவறினால் பூ எப்படி உதிரும் என்பவை தாவரவியலும் காலநிலையியலும். கடைசியாகத் தரம் பிரித்தல், வறுத்தல், சுவை பார்த்தல், பையில் இட்டு விற்றல். இவற்றுக்கென்றே காபி வாரியம் பெங்களூரில் குறுகிய காலப் பயிற்சிகளையும் காபித் தர மேலாண்மையில் முதுநிலைப் பட்டயத்தையும் நடத்துகிறது. அங்கே போய்ச் சேரும் ஏற்காட்டுப் பழங்குடி மாணவர் எத்தனை பேர் என்பதுதான் நம் பள்ளிகளுக்கான தேர்வு.

ஆந்திரத்தின் அரக்கு பள்ளத்தாக்கு இதற்கு முன்மாதிரி. அங்கே பழங்குடிச் சிறு விவசாயிகள் விளைவிக்கும் காபி, 2017இல் பாரிஸ் நகரில் தனிக்கடை திறக்கும் அளவுக்கு வளர்ந்தது. 2019இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு குறியீடு பெற்ற ஐந்து இந்தியக் காபிகளில் சேர்வராயன் இல்லை. அரக்கு காபியின் பெயருக்குப் பின்னால் பறித்தல் முதல் சுவை பார்த்தல் வரை விவசாயிக்குக் கிடைத்த பயிற்சி இருக்கிறது.

இத்தனை சொல்லியும், மலைப் பிள்ளைகள் காபியோடு நின்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் செவிலியராக விரும்பலாம். ஒரு பையன் மின்னணுவியலோ கணினியோ படிக்க விரும்பலாம். மலையில் கற்றதைக் கொண்டு ஓசூரிலோ கோவையிலோ வேலைக்குப் போக விரும்பலாம். அந்தத் தேர்வு பிள்ளையுடையது. மலைத் தொழில்களோடு மலைக்கு வெளியே செல்லுபடியாகும் தொழில்களும் பள்ளியில் இருந்தால்தான் அது உண்மையான தேர்வாகும்.

பணம் எங்கே, எதற்கு

பணமே இல்லை என்ற வாதம் பாதி உண்மை. 2025-26இல் பள்ளிக் கல்விக்கு மாநிலம் ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான தொழிற்கல்விக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்‌ஷா) தனிப் பிரிவு உண்டு. செலவில் 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் ஏற்க வேண்டும். 2020 கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததால் 2024-25க்கான மத்தியப் பங்கு 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் சென்றது. கொள்கையில் கருத்து வேறுபாடு இருப்பதற்காகப் பிள்ளைகளின் பணத்தைத் தடுத்து வைப்பது அநீதி. அதே சமயம், ஒரு ஒப்பந்தப் பிணக்கில் நின்றுபோகும் அளவுக்கு ஆசிரியர் சம்பளமும் பயிற்சிப் பொருளும் ஒரே திட்டத்தை நம்பி இருப்பது மாநிலத்தின் பிழை. 2025 ஆகஸ்ட் 8 அன்று தனக்கென்று பள்ளிக் கல்விக் கொள்கையை வெளியிட்ட மாநிலம், அந்தச் சுதந்திரத்துக்கான செலவையும் தானே ஏற்க வேண்டும்.

பழங்குடி மலைகளுக்கென்று வேறு வழிகளும் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்குவதை 2024இல் தமிழ்நாடு சட்டக் கடமையாக்கியது. பழங்குடிக் குடியிருப்புகளுக்கான தொல்குடித் திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. தனியார் நன்கொடை பெற 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டம் இருக்கிறது.

பலர் கவனிக்காத வழி இன்னொன்று. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி பகுதிகளில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் தலைமுறைகளாக வெட்டப்படுகிறது. சுரங்கம் உள்ள மாவட்டங்களில் கனிம அறக்கட்டளை அமைத்து, சுரங்க உரிமையாளர்கள் அதற்குப் பங்கு செலுத்த வேண்டும் என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த நிதியின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய முன்னுரிமைத் துறைகளில் கல்வியும் திறன் மேம்பாடும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. அந்த நிதியைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் பிள்ளைகள் தொழில் கற்கச் செலவிடுவதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

இந்த வழிகளில் பெரும்பாலானவை ஒருமுறைச் செலவுக்கு உரியவை. கட்டடம், எந்திரம், கணினி ஆகியவற்றுக்குப் பணம் கிடைக்கும். திறப்பு விழாவும் நடக்கும். ஆனால் பயிற்சிக்கூடத்தின் மின் கட்டணம், உடைந்த பல்லிணைக்கு மாற்று, தையல் வகுப்புக்குத் துணி, மின் வகுப்புக்குக் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியரின் மாதச் சம்பளம் ஆகியவை ஆண்டுதோறும் வேண்டும். நன்கொடையாளர் எவரும் இருபது ஆண்டு சம்பளம் தர முன்வர மாட்டார். 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐ.டி.ஐ.) நவீனமாக்க டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் திட்டம் நிறைவேற்றிய மாநிலத்துக்கு எந்திரம் வாங்கும் திறன் இருப்பது தெளிவு. அதே அக்கறையோடு மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்விக்கு ஆண்டு நிதி ஒதுக்குவதுதான் இப்போது தேவை.

பிற இடங்களின் பாடம்

கேரளம் 1983-84இல் தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளிகளைத் தனி அமைப்பாகத் தொடங்கியது. இன்று அவை 389. தனி இயக்ககம், தனி ஆசிரியர் பணியிடம், பட்டப்படிப்புக்குத் தகுதி ஆகிய மூன்றும் இருந்ததால் நாற்பது ஆண்டுகளாக அந்தப் பள்ளிகள் நிலைத்திருக்கின்றன.

இலங்கை 2017இல் 42 பாடசாலைகளில் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரணதரத் தேர்வில் தோற்றவரும் தொடர்ந்து படிக்கலாம். ஓர் ஆண்டு பாடசாலையிலும் மறு ஆண்டு தொழிற்பயிற்சி நிலையத்திலும் கற்று, தேசியத் தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்தை எட்டலாம். தோல்வி அடைந்த பிள்ளையைப் பள்ளி வெளியே தள்ளாது என்ற உறுதியே அதன் சிறப்பு. தேயிலைத் தோட்ட மலையகத்தின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரியது என்பதைச் சேர்வராயன் மலையில் இருப்பவர் எளிதில் உணர்வார்.

ஜெர்மனியில் தொழிற்சாலைப் பயிற்சியும் தொழிற்பள்ளிப் படிப்பும் இணைந்தே நடக்கின்றன. 1969 சட்டப்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தருவது முதலாளியின் கடமை. நம்மிடமும் 1961 தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அதன்படி பழகுநருக்கு உதவித்தொகை தர வேண்டும். எஸ்டேட்டுகளும் விடுதிகளும் அந்தச் சட்டத்துக்குள் வர வேண்டும்.

ஏற்காட்டில் செய்யக்கூடியது

முதலில், மலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை மையப் பள்ளியாகத் தேர்ந்து, தோட்டப்பயிர் அறிவியல், செவிலியம், மின் மற்றும் மின்னணுவியல், விருந்தோம்பல் என்று நான்கு பிரிவுகள் தொடங்கலாம். சுற்றியுள்ள உயர்நிலை, உண்டி உறைவிடப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் வாரம் ஒரு நாள் அங்கே வந்து அறிமுகம் பெறலாம். அதற்கு ஒரு பேருந்தும், தூரத்து ஊர்ப் பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதியும் முன்நிபந்தனை. பழங்குடியினருக்கான அரசு ஐ.டி.ஐ. இம்மாவட்டத்தில் கல்வராயன் மலையின் கருமந்துறையில் இருக்கிறது. ஆனால் சேர்வராயனிலிருந்து அங்கே போக ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏற வேண்டும். பள்ளிக்குள்ளேயே தொழிற்கல்வி கிடைப்பது எவ்வளவு அவசியம் என்பதை இந்தப் பயணமே சொல்லும்.

இரண்டாவது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிரந்தரப் பணியிடம். ஆசிரியர் ஓய்வு பெறும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே அடுத்தவர் தேர்வு தொடங்க வேண்டும். மலைப்படியும் குடியிருப்பும் தர வேண்டும். மலையாளிச் சமூகத்தில் படித்து முடித்த இளைஞர்களை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, அவர்களையே கொண்டுவருவது இன்னும் நல்லது.

மூன்றாவது, காபி வாரியம், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஆர்க்கிட் பூங்கா ஆகியவற்றோடு மாவட்ட நிர்வாகம் எழுத்தில் உடன்பாடு செய்ய வேண்டும். மாணவர் அங்கே போவது ஆய்வகத்தில் கற்க. களை பிடுங்க அன்று. எஸ்டேட்டிலும் விடுதியிலும் பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை, காப்பீடு, நேர வரம்பு ஆகிய மூன்றும் கட்டாயம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் எந்தப் பெயரிலும் வேலைக்குப் போகக்கூடாது.

நான்காவது, மையப் பள்ளியில் சிறிய பல்பர், உலர்களம், ஈரமானி, வறுக்கும் எந்திரம், சுவை பார்க்கும் மேசை ஆகியவை அமைந்தால் சுற்றுவட்டச் சிறு விவசாயிகளும் அதைப் பயன்படுத்தலாம். அதில் வரும் வருவாய் பயிற்சிப் பொருளுக்கு உதவும். ஆனால் அந்த வருவாயைக் காட்டி அரசு தன் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைக்கக்கூடாது.

ஐந்தாவது, கணக்கு. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இரண்டு ஆண்டுக்குப் பின் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், வந்த பணம் எப்படிச் செலவானது என்ற விவரம் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் ஆண்டுக்கொருமுறை வாசிக்கப்பட வேண்டும். 2022இல் மறுகட்டமைப்பு பெற்ற மேலாண்மைக் குழுக்களில் தாய்மார்கள் தலைமை ஏற்கிறார்கள். கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேட்பதற்கான விவரம்தான் அவர்கள் கைக்கு வருவதில்லை.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களால் அரசுப் பள்ளியிலிருந்து உயர்கல்விக்குப் போகும் மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, ஐ.டி.ஐ. படிப்பும் அதில் அடங்கும். நான் முதல்வன் திட்டம் மேல்படிப்புக்கு வழிகாட்டுகிறது. மேலே போவதற்கான உதவிகளை மாநிலம் ஒவ்வொன்றாக அமைத்திருக்கிறது. கீழே, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, மலைப் பள்ளியில் உறுதியான தொழிற்கல்வி அமைவதே எஞ்சியிருக்கும் வேலை.

அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த நிதிநிலை அறிக்கையில், பழங்குடி மலைகளின் மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடங்களையும் அவற்றுக்கான ஆண்டுச் செலவையும் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் பிற நிதிகள் உள்ளன. சேலம் மாவட்டத்து வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் இதைக் கேட்க வேண்டும். கனிம அறக்கட்டளை நிதியில் ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் கேட்க வேண்டும். கோடை விழாவுக்கு மலையேறும் நாம், அந்த மலையின் பிள்ளைகளுக்காக இந்த இரண்டு கேள்விகளையாவது எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம்.